ஒரு டிகிரி குளிருக்கு என்ன விலை?

செஞ்சிப் பேருந்து நிலையத்திலிருந்து சாலைத் தூரம் போட்டுப் பார்த்தால் ஊட்டி சுமார் 425 கிலோமீட்டர். ஏற்காடு 200. ஏலகிரி 150. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் 115. செஞ்சியிலேயே இருக்கும் ராஜகிரிக் கோட்டை வாசலோ இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஐந்திலும் மலை இருக்கிறது, ஐந்திலும் தண்ணீர் இருக்கிறது. ஊட்டி ஏரி 1824-இல் ஜான் சல்லிவன் காலத்தில் உருவானது. ஏற்காட்டில் ஊருக்கு நடுவே ஏரி. ஏலகிரியில் புங்கனூர் ஏரி, ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரி. செஞ்சியில் கோட்டையை ஒட்டியே செட்டிகுளமும் சக்கரக்குளமும் கிடக்கின்றன.

காலாண்டு விடுமுறையில் தொடங்கித் தீபாவளி வரைக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு ஓடும்: "எங்கயாவது மலைப்பக்கம் ரெண்டு நாள் போய்ட்டு வரலாமா?" அடுத்த வாக்கியத்தில் ஊட்டி வரும், அதற்கடுத்த வாக்கியத்தில் செலவு வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காமல் இருக்க வேண்டுமென்றால் பேனாவை எடுக்க வேண்டும்.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் இது: பெரியவர்கள் இருவர், பதினைந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருவர், சின்னக் கார் ஒன்று. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், சமவெளியும் மலையும் சேர்ந்து லிட்டருக்குப் பதினான்கரை கிலோமீட்டர். ஆக, கிலோமீட்டருக்கு 7 ரூபாய். அறை வாடகை, சாப்பாடு, படகு எல்லாம் நடுத்தரக் குடும்பத்தின் ஒதுக்கீடு. ஒரு கடைக்கு ஒரு கடை கூடலாம், குறையலாம். பண்டிகை நாளில் கூடத்தான் செய்யும்.

ஏலகிரியை முதலில் விரித்து எழுதுகிறேன். போக வர 300 கிலோமீட்டர், அங்கே சுற்ற 40.

பெட்ரோல், 340 கி.மீ. — 2,380
அறை ஓர் இரவு, வரியோடு — 2,625
சாப்பாடு, இரண்டு நாள் — 2,800
படகு, பூங்கா, வண்டி நிறுத்தம் — 700
சுங்கம் — 300
ஆக மொத்தம் — 8,805

அறை வாடகைக்குள் இருக்கும் வரியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2,500 ரூபாய் அறைக்கு முன்பு 12 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 300 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அது 5 சதவீதம். இப்போது 125 ரூபாய். மிச்சமான 175 ரூபாய்க்கு நான்கு பேரும் மலையில் இரண்டு முறை டீ குடிக்கலாம். பில்லில் பழைய விகிதமே இருந்தால் கேட்டுவிடுங்கள்.

ஜமுனாமரத்தூருக்கு இதே போல 270 கிலோமீட்டர் ஓட்டம் 1,890 ரூபாய், 1,800 ரூபாய் அறை வரியோடு 1,890, சாப்பாடு 2,200, படகும் மற்றதும் 400, சுங்கத்துக்கு 150. கூட்டினால் 6,530. ஏற்காட்டுக்கு 450 கிலோமீட்டர் ஓட்டம் 3,150, அறை 3,360, சாப்பாடு 3,200, படகு முதலியன 900, சுங்கம் 400. மொத்தம் 11,010. ஊட்டிக்கு ஓர் இரவு போதாது. போவதற்கே பத்து மணி நேரம் ஆகிவிடும். இரண்டு இரவு வைத்தால் பெட்ரோல் 6,300, அறை 8,400, சாப்பாடு 5,500, படகும் பூங்காவும் 1,500, சுங்கம் 1,200. மொத்தம் 22,900. அதோடு 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. அதற்குக் காசு இல்லை, ஆனால் முன்கூட்டி எடுத்துவைக்கும் வேலை உண்டு.

ராஜகிரி? ஆட்டோ போக வர 300, டிக்கெட் பெரியவர்களுக்குத் தலைக்கு 25 வீதம் 50, பிள்ளைகளுக்கு இல்லை, டிபனும் மோரும் 400. ஆக 750 ரூபாய். டவுன் பஸ் கிடைத்தால் இன்னும் குறையும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

இந்த ஐந்து தொகைகளையும் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஊட்டி விலை கூடியது, செஞ்சி மலிவு என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. அது கணக்குப் போடாமலே தெரிந்த விஷயம். மலைக்குப் போகிறவர் எதை வாங்கப் போகிறார்? குளிரை. அப்படியானால் ஒரு டிகிரிக்கு எவ்வளவு என்று பார்க்கலாம்.

1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பள்ளிக்கூடப் புவியியல் பாடம். செஞ்சி ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர், ஏற்காடு 1,515, ஏலகிரி 1,050 சொச்சம். ஜவ்வாது மலைக்குக் காவலூர் வானாய்வகத்தின் உயரமான 725 மீட்டரையே அளவாக வைத்துக்கொள்கிறேன். ராஜகிரி உச்சி ஊரிலிருந்து சுமார் 240 மீட்டர், பழைய கணக்கில் 800 அடி.

வகுத்தால் வருவது இது. ராஜகிரியில் ஒன்றரை டிகிரி, டிகிரிக்கு 500 ரூபாய். ஜவ்வாதில் 4.1 டிகிரி, டிகிரிக்கு 1,600. ஏலகிரியில் 6.2, டிகிரிக்கு 1,400. ஏற்காட்டில் 9.3, டிகிரிக்கு 1,190. ஊட்டியில் 14 டிகிரி, டிகிரிக்கு 1,635. வீட்டை விட்டு வெளியே இரவு தங்கும் நான்கில் ஏற்காடுதான் மலிவு. காப்பித் தோட்டம் வேறு கிடைக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் கொண்டுவந்து நட்ட பயிர் அது. ஏற்காடு என்று முடித்துவிட்டுப் பெட்டி கட்டலாம்.

மே மாதமாக இருந்தால் முடித்துவிடலாம். ஐப்பசிக்கு இந்தக் கணக்கு செல்லாது.

ஏன் என்றால், எங்களுக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் மே மாதச் சராசரிப் பகல் வெப்பம் 37 டிகிரியை ஒட்டி இருக்கும். நவம்பரில் அது 30-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஏழு டிகிரிக்கு மேல் குளிர் யாரும் எங்கும் போகாமலே வாசலுக்கு வந்து நிற்கிறது. ஏலகிரி விலைக்குப் போட்டால் குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பெறுமானக் குளிர் இலவசம். இன்னொன்றும் உண்டு. அந்த 6.5 என்பது சராசரிக் கணக்கு. மேகமும் ஈரமும் நிறைந்த காற்றில் உயரம் ஏறும்போது வெப்பம் அவ்வளவு வேகமாகக் குறையாது. 1,000 மீட்டருக்கு 5 டிகிரி என்று வைத்தாலே ஏலகிரியின் 6.2 டிகிரி 4.8 ஆகிவிடும், டிகிரி விலை 1,830-க்கு ஏறிவிடும். மழைக் காலத்தில் மலை, குளிரைக் குறைத்து விற்கிறது என்று சொல்லலாம்.

அப்படியென்றால் இந்தப் பருவத்தில் மலைக்குப் போகிறவர் வாங்குவது நிறைந்த ஏரி, பச்சை மலை, நனையாமல் நடக்க நாலு மணி நேரம். இதில் கடைசியாகச் சொன்னதுதான் கிடைக்காத சரக்கு. விலையை அதற்குத்தான் போட வேண்டும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 92 சென்டிமீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 44 சென்டிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. ஒரு பருவம் முழுக்க மாநிலச் சராசரி 44 சென்டிமீட்டர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த எண்ணைப் படியுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் பதிவானது 51 சென்டிமீட்டர். ஒரே நாளில்.

மறுநாள் காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு வீட்டில் 7 பேர் இறந்தார்கள். சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையில் திறக்கப்பட்ட நீர் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. அந்த அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அதே வேகத்தில் திறந்தபடி இருந்தால் நிறைந்த அணையே 12 மணி நேரத்தில் காலியாகிவிடும். ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்தது.

இந்த ஊர்ப் பெயர்களை ஒரு கோடாக இழுத்துப் பாருங்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மயிலம், பிறகு திருவண்ணாமலை, பிறகு ஊத்தங்கரை. திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரி போகும் தேசிய நெடுஞ்சாலை 77-உம் அந்தக் கோட்டில்தான் போகிறது. செஞ்சியிலிருந்து ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவர் முதல் இரண்டு மணி நேரம் ஓட்டுவது அந்தச் சாலையில்தான். கடலில் புறப்படும் புயல் வலுவிழந்து உள்நாட்டுக்குள் போகும் பாதையும் நாம் சுற்றுலா போகும் பாதையும் ஒன்றாக இருப்பது எங்கள் பக்கத்து விசேஷம். ஊட்டி, கொடைக்கானல் பற்றிய பயணக் குறிப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு கிளம்பினால் இந்த ஒரு வரி விடுபட்டுப் போகும்.

தேதிகளையும் எழுதிவைத்துக்கொள்ளலாம். தானே, 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே. நிவர், 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, மரக்காணம் அருகே. மாண்டஸ், 2022 டிசம்பர் 9, மாமல்லபுரம் அருகே. ஃபெஞ்சல், 2024 நவம்பர் 30. நம் கரைக்குப் பக்கத்தில் வந்த இந்த நான்கும் நவம்பர் 20-க்குப் பிறகுதான் வந்தன. அக்டோபரில் மழையே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. வரும், கொட்டவும் செய்யும். ஆனால் சாலையையே தூக்கிக்கொண்டு போகும் மழை கார்த்திகையில்தான் அதிகம்.

அடுத்து ஏரி நிறைவது. கடற்கரை மாவட்டத்துக் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்காகக் காத்திருப்பவை. சேலம், திருப்பத்தூர் பக்கத்து மலைகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆவணி, புரட்டாசியிலேயே மாலை நேரத்து வெப்பச்சலன இடிமழை அங்கே பெய்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் அந்த மலைகள் பச்சையாகிவிடும், அதே நேரத்தில் செட்டிகுளத்தில் படிகள் தெரியும். எனவே மலை ஏரிக்கு ஒரு பருவம், செஞ்சிக் குளத்துக்கு வேறொரு பருவம். இரண்டையும் "மழைக்காலம்" என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுவதால்தான் பாதிப் பயணங்கள் தப்பான வாரத்தில் நடக்கின்றன.

புரட்டாசிக்கு இன்னொரு சகாயமும் உண்டு. அசைவம் தொடாத வீடுகளுக்குச் சாப்பாட்டுச் செலவு தானாகக் குறையும். ஏலகிரிக் கணக்கில் 2,800 என்று எழுதியதை 2,200 என்று திருத்திக்கொள்ளலாம். காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் அந்த வாக்கிலேயே வரும்.

நேரத்தையும் எழுதாமல் விட முடியாது. சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு 8 மணிக்கு வீடு திரும்பினால் கையில் 38 மணி. தூக்கம் 8 போக 30. ஜமுனாமரத்தூருக்குச் சாலையில் 6 மணி நேரம், ஏலகிரிக்கு 7, ஏற்காட்டுக்கு 10. ஏற்காட்டுக்காரருக்கு மிச்சம் 20, ஏலகிரிக்காரருக்கு 23. இடையே ஒரு மூன்று மணி நேர மழை பெய்துவிட்டால் ஏற்காட்டில் கிடைத்தது 17 மணிதான், அதிலும் கொஞ்சம் இருட்டு. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏலகிரியில் 14. பிள்ளைக்கு வாந்தி வருமென்றால் அந்த ஆறு வளைவுகளின் வித்தியாசம் பெரியது. இஞ்சி மரப்பா பத்து ரூபாய், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கைக் குலைக்க மழைக்கு அடுத்தபடி இருப்பது திருவண்ணாமலை. ஏலகிரி, ஏற்காடு, ஜவ்வாது மூன்றுக்கும் வழி அதுதான். பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நிறைந்துவிடும். கார்த்திகை தீபத்தன்று ஊரைத் தொடவே முடியாது. 2025-இல் அது டிசம்பர் 3-ஆம் தேதி வந்தது. காலண்டரில் பௌர்ணமியைப் பார்க்காமல் அறைக்கு அட்வான்ஸ் கட்டுகிறவர் இரண்டு மணி நேரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

மழைக்கு ஒதுக்கீடு எவ்வளவு? சாலை அடைபட்டால் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டிவரும். ஏலகிரிக்கு அது அறை 2,625, சாப்பாடு 1,200, மொத்தம் 3,825. கையில் இருக்க வேண்டிய தொகை 12,630. இதைத் தனியாக எடுத்துவைக்க முடியாதவர் ஏலகிரிக்குப் போகலாம், ஆனால் அக்டோபர் 20-க்கு முன்னால் போய்விட வேண்டும். அறையைப் பொறுத்தவரை, 200 ரூபாய் கூடக் கொடுத்தாவது ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக எடுப்பது லாபம். ஜவ்வாது போகிறவர்கள் சாமை அரிசிக்கும் தேனுக்கும் 500 ரூபாய் தனியாக வைக்கலாம். மலைக்காரர்கள் விளைவிப்பதை அங்கேயே வாங்குவதில் தரகர் யாரும் இல்லை. சனிக்கிழமை என்றால் காவலூர் வானாய்வகத்தையும் பார்க்கலாம். 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் விட்டத் தொலைநோக்கி இருக்கிறது. ஆனால் ஐப்பசி மேகத்தில் நட்சத்திரம் பார்க்கப் போவது வீண் செலவு. அதற்குத் தை, மாசிதான்.

இனிச் சென்னையிலிருந்து செஞ்சிக்கு வருகிறவர்களின் கணக்கு. 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ, மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சமிருக்கும் ஒன்று எங்கள் செஞ்சி. சென்னையிலிருந்து போக வர 320 கிலோமீட்டர், பெட்ரோல் 2,240. பரனூர், ஆத்தூர் என்று சுங்கச்சாவடிகளுக்கு 350. டிக்கெட் 50. சாப்பாடு 1,600. மொத்தம் 4,240, அறை வேண்டாம். ரயிலை நம்ப வேண்டாம், செஞ்சிக்கு ரயில் நிலையம் கிடையாது.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்றால், மூன்று மலைகளைச் சேர்த்துக் கட்டிய சுமார் 13 கிலோமீட்டர் மதில், அதற்குள் 11 சதுர கிலோமீட்டர். கல்யாண மஹால், களஞ்சியங்கள், ஆனைக்குளம். கோட்டைக்கு வெளியே இருந்த குளத்து நீரை மண் குழாய் வழியாகக் கல்யாண மஹாலின் மேல் அடுக்குவரை ஏற்றியிருக்கிறார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இயற்கையாகவே ஒரு பிளவு, சுமார் 30 அடி அகலம், 60 அடி ஆழம். இப்போது அதன் மேல் பாலம் இருக்கிறது. 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராமை இதற்குள் வைத்து அவுரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டது. எட்டு ஆண்டுக் கூலி, தீவனம், வெடிமருந்து என்ன ஆகியிருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டால் நாம் கொடுக்கும் 25 ரூபாயின் அருமை தெரியும். செட்டிகுளக் கரையில் தேசிங்கு ராஜாவின் உடலை எரித்ததாகச் சொல்லும் இடம் இருக்கிறது. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்தவர் அவர்.

உச்சிக்குப் படிகள் ஆயிரத்துக்கு மேல். மேலே கடை கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 6 லிட்டர் தண்ணீர், அதாவது 6 கிலோ, 240 மீட்டர் உயரத்துக்கு யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்று கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கையில் தின்பண்டம் தெரிந்தால் குரங்குகள் கணக்கை முடித்துவிடும். பாறை நனைந்திருந்தால் ஏற வேண்டாம், அன்றைக்குக் கீழே கல்யாண மஹாலும் வெங்கடரமணர் கோயிலும் போதும். அந்தக் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டுபோன தூண்களைப் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றிப் பார்க்கலாம். 70 கிலோமீட்டர், பெட்ரோல் 490 ரூபாய்.

எனவே செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இருப்பவர்கள் ஏலகிரிக்கோ ஜவ்வாதுக்கோ புரட்டாசிக் கடைசியில், அக்டோபர் 20-க்குள் போய்விடுங்கள். ஏற்காட்டுக்குச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்தால் மட்டும் போங்கள். ஊட்டியைக் கோடைக்கு வையுங்கள். நவம்பர் 20 முதல் டிசம்பர் 15 வரை எந்த மலைக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள். சென்னைக்காரர்கள் குளம் நிறைந்த பிறகு மார்கழிக் கடைசியிலோ தையிலோ செஞ்சிக்கு வாருங்கள். காலை 9 மணிக்குக் கோட்டை திறக்கும். பிற்பகலில் ராஜகிரிக்கு ஏற விடுவதைச் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். 11 மணிக்குள் முதல் படியில் இருங்கள்.